சண்டை ஓய்ந்த இடங்கள்: ஆக்‌ஷன் கேமுக்குள் அமைதி எங்கிருந்து வருகிறது?

பல வருஷங்களுக்கு முன்பு விளையாடி முடித்த ஒரு ஆக்‌ஷன் கேமைப் பற்றி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸின் பெயர் சட்டென்று வாய்க்கு வராது. எந்த லெவலில் எத்தனை முறை செத்தார்கள் என்பதும் மங்கிப் போயிருக்கும். ஆனால் மழையில் கார் ஓட்டிய ஒரு கடற்கரைச் சாலை, குதிரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஏரி, சேவ் செய்யும் சின்ன அறையில் ஒலித்த இசை என்று ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரம் முடியாது. விளம்பரத்திலும் அட்டைப்படத்திலும் இருந்ததெல்லாம் துப்பாக்கியும் வாளும். ஞாபகத்தில் தங்கியதோ அவை தேவைப்படாத சில நிமிடங்கள்.

தொடர்ந்து சண்டை போட்டால் அலுத்துவிடும், நடுவில் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். தப்பில்லை, ஆனால் அது பாதிதான். ஓய்வு மட்டும் போதுமென்றால் சண்டையே இல்லாத கேம்கள் எத்தனையோ இருக்கின்றன. தோட்டம் போடலாம், மீன் பிடிக்கலாம், வீடு கட்டலாம். அவற்றில் கிடைக்கும் அமைதி வேறு ரகம். ஆக்‌ஷன் கேமுக்குள் கிடைக்கும் அமைதியை உண்டாக்குவதே அந்த ஆக்‌ஷன்தான் என்பது என் கருத்து. அது ஏன் இத்தனை காலம் கழித்தும் ஏக்கமாகத் திரும்பி வருகிறது என்பதற்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கதவுக்கு உள்ளே

1996-ல் கேப்காம் வெளியிட்ட திகில் கேமான முதல் ரெசிடென்ட் ஈவிலை எடுத்துக்கொள்வோம். கதை நடக்கும் மாளிகையில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போதெல்லாம் திரை கறுத்து, ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து லோட் செய்ய ஆகும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. விளையாடுகிறவருக்கோ அது சில விநாடி நீளும் பயம். அந்தப் பக்கம் என்ன நிற்கிறதோ? கையில் இருப்பது நாலைந்து குண்டு, ஹெல்த் சிவப்புக்கு வந்துவிட்டது. கதவு திறக்கிறது. மேஜைமேல் ஒரு டைப்ரைட்டர், ஓரத்தில் பொருட்களைப் போட்டு வைக்கும் பெட்டி, மெல்லிய இசை. அவ்வளவுதான். அந்த அறையில் வேறு எதுவும் நடக்காது. நடக்காது என்று தெரிந்திருப்பதுதான் விஷயமே.

அந்த அறையில் ஆட்கள் தேவைக்கு மேலேயே நின்றார்கள். டைப்ரைட்டரில் சேவ் செய்ய மை ரிப்பன் வேண்டும். கேம் முழுக்க ரிப்பன்கள் எண்ணிக் கொடுத்த மாதிரிதான் கிடைக்கும். ஆகவே ‘இப்போதே சேவ் செய்யலாமா, இன்னும் கொஞ்சம் போய்விட்டு வரலாமா’ என்று யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்தபடியே பெட்டியைத் திறந்து, மூலிகையை உள்ளே வைத்து, சாவியை எடுத்து, மறுபடி மூலிகையை வெளியே எடுத்து, சாமான் ஒழுங்கு பண்ணுகிற சாக்கில் நேரம் போகும். பின்னணியில் அந்தச் சில சுரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

1999-ல் வந்த மூன்றாம் பாகத்தில் நெமசிஸ் என்ற ராட்சதன் நாம் போகும் இடமெல்லாம் துரத்துவான். கதவுகளைத் தாண்டியும் வருவான். சேவ் அறைக்குள் மட்டும் வரமாட்டான். 2019-ல் இரண்டாம் பாகத்தைப் புதிதாக எடுத்தபோது இதே விதியை இன்னும் கூர்மையாக்கினார்கள். அதில் துரத்தி வரும் மிஸ்டர் எக்ஸின் கனத்த பூட்ஸ் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கும். நெருங்கும், பிறகு விலகிப் போகும். உள்ளே நிற்கிற நமக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து முழுதாக நீங்கிவிட்ட அமைதியைவிட, காதில் விழும் தூரத்திலேயே ஆபத்து இருக்கும்போது கிடைக்கும் இந்த அமைதி அடர்த்தியானது.

2011-ன் டார்க் சோல்ஸ் இதற்கு ஒரு விலையும் வைத்தது. வழியில் எங்காவது ஓர் இடத்தில் சாம்பல் மேட்டில் வாள் குத்தி நிற்கும் ஒரு சிறு நெருப்பு இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஹெல்த் நிரம்பும், மருந்துக் குடுவை நிரம்பும். கூடவே நாம் அடித்து வீழ்த்திய சாதாரண எதிரிகள் அத்தனை பேரும் பழைய இடத்தில் திரும்ப எழுந்து நிற்பார்கள். ஓய்வெடுத்தால் வந்த வழி மறுபடி ஆபத்தாகிவிடும். ஆனாலும் உட்காராமல் இருக்க முடியாது. நெருப்பைக் கண்டதும் உடம்பு தளரும் அந்த நொடியை, அந்த கேமை ஆடிய யாரும் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள்.

உடம்பு தளர்கிறது என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னது இல்லை. திரையில் நடப்பது பொய் என்று மூளைக்குத் தெரிந்தாலும், கடுமையான சண்டையில் இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சண்டை ஒரே நொடியில் முடிந்துவிடும். உடம்பில் ஏறிய பரபரப்பு அதே நொடியில் இறங்காது. ஊடக உளவியலில் டால்ஃப் ஸில்மேன் 1970-களில் முன்வைத்த ஒரு கோட்பாடு இங்கே பொருந்துகிறது. ஒரு நிகழ்வால் எழுந்த பரபரப்பின் மிச்சம், அடுத்து வரும் உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு அதைப் பெரிதாக்கும் என்பது அவர் சொன்னது. கோபத்துக்கும் அது பொருந்தும், சிரிப்புக்கும் பொருந்தும், நிம்மதிக்கும் பொருந்தும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். ஸில்மேன் சொல்வது அதற்கும் ஒரு படி மேலே: வெயிலில் ஏறிய சூடு நிழலுக்குள்ளும் நம்மோடு வந்து, அந்தக் குளிர்ச்சியைக் கூட்டிக் காட்டுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தானாகவே அமைந்தது. பழைய எகிப்தில் நடக்கும் அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸுக்கு 2018-ல் யூபிசாஃப்ட் ஒரு சுற்றுலா வடிவம் கொடுத்தது. அதே நைல், அதே பிரமிடுகள், அதே அலெக்சாண்டிரியா. சண்டையும் கதையும் மட்டும் கிடையாது. நடந்து பார்த்து வரலாறு தெரிந்துகொள்ளலாம். வகுப்பறைக்கு அருமையான விஷயம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் நைல் கரையில் நிற்பதும், ஒரு கோட்டைக்குள் புகுந்து தப்பித்து ஓடிவந்து அதே கரையில் நிற்பதும் ஒன்றாக இல்லை. முதலாவது காட்சியகம். இரண்டாவதில் நாம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

அமைதி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதைக்கூடக் கணக்குப் போட்டுச் செய்தவர்கள் உண்டு. வால்வின் லெஃப்ட் 4 டெட் 2008-ல் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஜாம்பிகளிடமிருந்து தப்பிக்கும் கேம். அதில் ‘டைரக்டர்’ என்ற ஒரு புரோகிராம் ஒவ்வொரு ஆட்டக்காரரும் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்று ஓயாமல் கணக்கெடுக்கும். நெருக்கடி உச்சத்துக்குப் போனதும் கூட்டம் கூட்டமாக ஜாம்பிகளை அனுப்புவதை நிறுத்தும். பிறகு சுமார் 30 முதல் 45 விநாடி வரை, அல்லது ஆட்டக்காரர்கள் போதிய தூரம் முன்னேறும் வரை, சும்மா விட்டுவைக்கும். அந்த விநாடிகளில்தான் நண்பர்கள் பேசிக்கொள்வார்கள், ஒருவருக்கொருவர் மாத்திரை கொடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரும்புக் கதவு போட்ட ஒரு பாதுகாப்பு அறை வரும். அதன் சுவர் முழுக்க, நமக்கு முன்னால் அங்கே தங்கிப் போனவர்கள் கிறுக்கிய வரிகள்: தேடும் ஆட்களின் பெயர்கள், எங்கே வந்து சேர வேண்டும் என்ற செய்திகள், அதற்குக் கீழே வேறொருவர் எழுதிய பதில். ஓடிக்கொண்டிருந்தால் ஒரு எழுத்தும் கண்ணில் படாது. கதவைச் சாத்திய பிறகுதான் அந்த உலகத்தில் நமக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள் என்பதே உறைக்கும்.

இசை எப்போது அடங்குகிறது

ஆக்‌ஷன் கேமில் அமைதியை முதலில் கண்டுகொள்வது காது. கடைசி எதிரி விழுந்தானா இல்லையா என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போதே இசை சொல்லிவிடும். முரசு அடங்கவில்லை என்றால் எங்கேயோ ஒருவன் மிச்சம் இருக்கிறான். ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப இசை இடையறாமல் மாறும் தொழில்நுட்பம் 1991-லேயே வந்துவிட்டது. லூகாஸ்ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் அதில் முன்னோடி. 2017-ன் நியர் ஆட்டோமேட்டாவில் கெய்ச்சி ஒகாபேயின் குழு ஒரே பாட்டை அமைதியானது, நடுத்தரமானது, முழு வேகத்தில் குரலோடு ஒலிப்பது என்று பல வடிவங்களில் பதிவு செய்து வைத்தது. நாம் நடந்தால் ஒன்று, சண்டை மூண்டால் இன்னொன்று. வெட்டுத் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவும்.

பிளாக் ஃபிளாக் என்ற கடற்கொள்ளையர் கேமில் (2013) கப்பலில் பாய் விரித்துப் போகும்போது மாலுமிகள் சேர்ந்து பாடுவார்கள். எதிரிக் கப்பலோடு மோதல் தொடங்கியதும் பாட்டு நின்றுபோகும். அதனால் அந்தப் பாட்டு கேட்கிற வரைக்கும் கடல் நம் பக்கம் என்று மனம் பழகிவிடுகிறது. போகவேண்டிய தீவு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பாட்டு முடியட்டும் என்று கப்பலைச் சுற்றிச் சுற்றி ஓட்டியவர்கள் ஏராளம்.

இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகப் படுவது 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ். ஃபுமிட்டோ உவேடா இயக்கியது. மொத்தம் 16 பிரம்மாண்ட உருவங்களை வீழ்த்த வேண்டும். அவற்றைத் தவிர அந்தப் பரந்த நிலத்தில் வேறு எதிரியே கிடையாது. ஊர் இல்லை, கடை இல்லை, வழிப்போக்கன் இல்லை. பல்லி, பருந்து, புல், பாறை, கூடவே ஆக்ரோ என்ற குதிரை. வெயிலில் வாளை உயர்த்திப் பிடித்தால் ஒளி ஒரு திசையில் குவியும். அந்தத் திசையில் போக வேண்டியதுதான். கோவ் ஒட்டானியின் இசை உருவங்களோடு மோதும்போது மட்டுமே எழும். மற்ற நேரமெல்லாம் குளம்புச் சத்தமும் காற்றும். குறுகலான பாதைகளில் நாம் திருப்பாவிட்டாலும் குதிரை தானே வளைந்து போகும். கையை லேசாக வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம்.

முதல் சவாரியில் அந்த வெறுமை அழகாக மட்டும் இருக்கும். ஐந்தாவது, ஆறாவது உருவத்துக்குப் பிறகு அதே வெறுமை வேறு மாதிரி ஆகிறது. நாம் வீழ்த்தியவற்றில் பல நம்மை முதலில் தாக்கவே இல்லை என்று மனசுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கும். திரும்பி வரும் வழி நீளும். யாரும் பேசாததால் அந்த உறுத்தலை மறக்கடிக்கவும் ஒன்றும் இல்லை. அமைதி ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கனம் கூடிக்கொண்டே போவதை இவ்வளவு சிக்கனமாகச் செய்த இன்னொரு கேமை நான் பார்க்கவில்லை.

அங்கேயே நிற்கலாம்

அமைதிக் காட்சி வைத்தால் மட்டும் அமைதி வந்துவிடாது. கதாபாத்திரத்தை வேண்டுமென்றே ஆமை வேகத்தில் நடக்கவைத்து, காதில் யாராவது ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருக்கும் பகுதிகள் பல பெரிய கேம்களில் உண்டு. அங்கே நாம் அமைதியாக இருப்பதில்லை, காத்திருக்கிறோம். எப்போது கிளம்புவது என்பது நம் கையில் இருந்தால்தான் ஓர் இடத்தில் நிற்பதற்கு அர்த்தம் வருகிறது.

2013-ன் தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸில் ஒட்டகச்சிவிங்கிகள் வரும் இடம் பலருக்கும் பழக்கமானது. அதற்கு முந்தைய பகுதி பனிக்காலம். நாயகன் ஜோயலோடு பயணம் செய்யும் 14 வயதுச் சிறுமி எல்லி அதில் தனியாகப் பட்ட பாடு கொடுமையின் உச்சம். பிறகு சால்ட் லேக் சிட்டியில் வசந்தம். எப்போதும் வாய் ஓயாத எல்லி பேசாமல் வருகிறாள். கூப்பிட்டாலும் கவனம் வேறெங்கோ. திடீரென்று ஓடிப்போகிறாள். பின்னாலேயே போனால், இடிந்த கட்டடத்தின் சுவர் உடைந்த இடத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி இலையை மென்றுகொண்டிருக்கிறது. பட்டனை அழுத்தினால் ஜோயல் அதன் கழுத்தைத் தடவுகிறான், எல்லியையும் பக்கத்தில் கூப்பிடுகிறான். அதன்பின் மேலே ஏறினால், செடி மூடிய மைதானத்தில் மொத்தக் கூட்டமும் நடந்து போவது தெரிகிறது. இருவரும் விளிம்பில் சாய்ந்து நிற்கிறார்கள். நாமாக நகரும் வரை கேம் அவசரப்படுத்தாது. அடுத்து என்ன செய் என்று திரையில் ஒரு எழுத்தும் மின்னாது.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது நம் முடிவு. அதனால்தான் அது நம்முடைய நினைவாகிறது. ஒரு படத்தில் இதே காட்சி வந்திருந்தால் அதன் நீளத்தை இயக்குநர் தீர்மானித்திருப்பார்.

2004-ன் மெட்டல் கியர் சாலிட் 3 நேர் எதிர் வழியில் போய் அதே இடத்தைத் தொட்டது. தி எண்ட் என்ற முதிய ஸ்னைப்பரோடு காட்டுக்குள் நடக்கும் மோதல் பலருக்கு மணிக்கணக்கில் இழுக்கும். (சண்டைக்கு நடுவில் சேவ் செய்துவிட்டு ஒரு வாரம் கேமைத் தொடாமல் இருந்தால், திரும்பி வரும்போது அவர் வயோதிகத்தால் இறந்து கிடப்பார். இப்படி ஒன்றை யோசித்து வைத்தவர்களை வணங்கத்தான் வேண்டும்.) அது முடிந்ததும் ஒரு ஏணி. மேலே ஏற வேண்டும், வேறு வேலை கிடையாது. ஸ்டிக்கை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தபடியே சுமார் 2 நிமிடம் போகும். பாதி வழியில் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் குரல் பாட ஆரம்பிக்கும். எதிரி வரமாட்டான். கை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், மனம் காட்டிலேயே இருக்கும். ஏணி ஏறுகிற வேலையைக் கொடுத்துவிட்டு, நினைத்துப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இயற்கையின் நடுவே மனம் ஏன் தேறுகிறது என்பதற்கு ரேச்சல் காப்லானும் ஸ்டீஃபன் காப்லானும் ஒரு விளக்கம் சொன்னார்கள். மேகம், நீர், இலையசைவு போன்றவை கவனத்தை மெல்லப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. முயற்சி எதையும் கேட்பதில்லை. அதனால் களைத்துப்போன கவனம் மீண்டு வருகிறது. ஆக்‌ஷன் கேம் நம் கவனத்தைக் கசக்கிப் பிழிகிறது. பிறகு புல்வெளியைக் காட்டுகிறது. கோஸ்ட் ஆஃப் சுஷிமா (2020) இதை நன்றாகப் புரிந்துகொண்ட கேம். 1274-ல் மங்கோலியர் படையெடுத்த தீவில் நடக்கும் கதை. மூலையில் குட்டி மேப் கிடையாது. கன்ட்ரோலரின் டச்பேடில் விரலைத் தடவினால் காற்று வீசும். புல்லும் பூவிதழும் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அதுவே வழி. திரையில் அம்புக்குறியைத் தேடி அலையும் கண், அங்கே வேறு வழியில்லாமல் நிலத்தைப் பார்க்கிறது.

அதே கேமில் வெந்நீர் ஊற்றில் இறங்கி உட்காரலாம், ஓரிடத்தில் அமர்ந்து மூன்று வரிக் கவிதை சொல்லலாம். உட்கார்ந்தால் ஹெல்த் கூடும், கவிதை சொன்னால் தலைப்பட்டை கிடைக்கும். இந்தப் பரிசுகள் இல்லாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றும். பரிசு வந்துவிட்டால் ‘இன்னும் எத்தனை ஊற்று பாக்கி’ என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். எங்கும் இஷ்டம்போல் சுற்றலாம் என்ற இன்றைய பெரிய ஓபன் வேர்ல்ட் கேம்களின் நோயே இதுதான்: ஒவ்வொரு மலை உச்சிக்கும் ஒரு ஐகான், ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு எண்ணிக்கை.

திரும்பிப் போகும்போது

அமைதி எப்போது ஏக்கமாகிறது? வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே 1688-ல் பதிவு செய்தவர் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யோஹானஸ் ஹோஃபர். பிறகு நெடுங்காலம் அது அந்நிய மண்ணில் கூலிக்குப் போரிட்ட ஸ்விஸ் வீரர்களின் வியாதி என்றே பேசப்பட்டது. நம் முல்லைத் திணைப் பாடல்களிலும் போர்ப் பாசறையில் இருக்கும் தலைவன்தான் கார்காலம் தொடங்கியதும் வீட்டை நினைத்து உருகுகிறான். போரும் ஏக்கமும் பழைய கூட்டாளிகள். இன்று உளவியலாளர்கள் இதை நோயாகப் பார்ப்பதில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடீஸ், டிம் வில்ட்ஷுட் போன்றவர்கள் செய்த ஆய்வுகள், பழைய நினைவில் தோய்வது மற்றவர்களோடு பிணைப்புள்ள உணர்வைக் கூட்டுவதாகக் காட்டின.

கேமில் இந்த ஏக்கம் விசேஷமாக வேலை செய்யக் காரணம், அந்த இடம் அப்படியே இருப்பதுதான். பழைய வீட்டுக்குப் போனால் சுவர் நிறம் மாறியிருக்கும், மரம் வெட்டப்பட்டிருக்கும். பழைய கேமில் அந்தத் தெருவிளக்கு அதே இடத்தில், அதே மாதிரி மினுக்கும். மாறியிருப்பது நாம் மட்டும். போதாக்குறைக்கு, கை மறப்பதில்லை. புதிய அனுபவம் எதையும் நினைவில் தக்கவைக்க முடியாமல் போன ஹென்றி மொலேசன் என்ற நோயாளிகூட, கண்ணாடியைப் பார்த்து வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார் என்று பிரெண்டா மில்னர் காட்டினார். கையின் நினைவு தனிக் கணக்கு. கன்ட்ரோலரை எடுத்ததும் எந்தப் பட்டனில் என்ன என்று யோசிக்குமுன் விரல் போய்விடுகிறது. அதன் பின்னாலேயே அந்தக் காலம் வருகிறது: பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அவர் முறைக்காகப் பொறுமையின்றிக் காத்திருந்தது, அடுத்த நாள் இருந்த பரீட்சை.

ஜிடிஏ வைஸ் சிட்டி 2002-ல் வந்தது. கதை நடப்பது 1986-ல். செய்தவர்கள் 16 வருஷத்துக்கு முந்தைய காலத்தை ஏக்கத்தோடு கட்டியெழுப்பினார்கள். இன்று நாம் 2002-ஐ விட்டு அதைவிட அதிகத் தூரம் வந்துவிட்டோம். ஆகவே இரவில் அந்தக் கடற்கரைச் சாலையில் ரேடியோ போட்டுக்கொண்டு மிஷன் எதையும் தொடாமல் ஓட்டும்போது இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. 1986-ல் பிறந்தே இராதவர்களும் அந்தப் பாட்டுகளைத் தங்கள் இளமைப் பாட்டுகளாகவே கேட்கிறார்கள். உண்மையும்தானே, அவர்கள் அவற்றை முதலில் கேட்டது அந்தக் காருக்குள்தான்.

அந்த ரேடியோவுக்கு ஆயுள் உண்டு என்பதுதான் வருத்தம். பாட்டுகளுக்கு வாங்கிய உரிமம் தீர்ந்துபோக, வைஸ் சிட்டியின் பிந்தைய பதிப்புகளில் சில பாட்டுகள் காணாமல் போயின. 2018-ல் ஜிடிஏ 4-லும் அப்படியே. அதன் ரஷ்ய நிலையத்தில் பழைய பாட்டுகள் நிறையப் போய் வேறு பாட்டுகள் வந்தன.

இன்னொரு பாடம் அதே ஜிடிஏ வரிசையின் சான் ஆண்ட்ரியாஸிலிருந்து. 2004-ன் அந்த கேமில் தூரத்துக் காட்சிகள் எப்போதும் மங்கலான புகைமூட்டத்துக்குள் கரைந்திருக்கும். பிளேஸ்டேஷன் 2-ஆல் அவ்வளவு தூரம் வரைய முடியாது. அதை மறைக்கத்தான் மூட்டம். 2021-ல் புதுப்பித்து வெளியிட்டபோது முதலில் அந்த மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். விளைவு? மலை உச்சியில் நின்றால் இந்த ஊரும் அந்த ஊரும் பாலைவனமும் ஒரே பார்வையில் தெரிந்தன. ஒரு மாநிலமே போலத் தோன்றிய இடம் சின்னத் தீவாகச் சுருங்கிவிட்டது. மணிக்கணக்கில் பயணம் போனதாக நினைத்திருந்த தூரம் அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. பழைய பாணி வெளிச்சத்தை 2024 அப்டேட்டில்தான் திரும்பச் சேர்த்தார்கள். இயந்திரத்தின் போதாமையை மறைக்கப் போட்ட திரை, நம் நினைவில் அந்த ஊரின் வானிலையாகவே பதிந்துபோயிருந்தது. புதுப்பிக்கிறவர்கள் எதைப் பிழை என்று துடைக்கிறார்களோ அதில்தான் பல நேரம் நம் பிரியம் இருக்கிறது.

இதை உள்ளிருந்தே புரிந்துகொண்டு செய்த கேம் மெட்டல் கியர் சாலிட் 4 (2008). அதில் நான்காம் பகுதி தொடங்கும்போது திரை திடீரென்று 1998-ன் முதல் பாகமாக மாறும். கரடுமுரடான உருவங்கள், பழைய கேமரா. கொஞ்ச நேரம் அதை ஆடுகிறோம். அது நாயகன் ஸ்னேக் கண்ட கனவு. விழித்ததும் முதல் பாகம் நடந்த அதே ஷேடோ மோசஸ் தீவுக்கு, பனிப்புயலுக்குள், மூப்படைந்த உடம்போடு திரும்பிப் போகிறார். கேட்பாரற்றுக் கிடக்கும் நடைவழிகளில் போகும்போது அங்கங்கே முன்பு கேட்ட குரல்கள் எழும். பத்து வருஷத்துக்கு முன் முதல் பாகத்தை ஆடியவருக்கு எந்த மூலையில் கேமரா இருந்தது என்பது தெரியும். ஸ்னேக்குக்கும் தெரியும். இந்த இரண்டு நினைவும் சந்திக்கும் இடத்தில் எதிரிகளைவிட அந்தக் காலி அறைகள்தான் நம்மைத் தாக்குகின்றன.

சர்வர் அணைந்த பிறகு

ஆன்லைன் கேமில் திரும்பிப் போகும் வாய்ப்பே ஒரு தேதியோடு முடிந்துவிடுகிறது. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான ஆன்லைன் சேவையை 2010 ஏப்ரல் 15-ல் நிறுத்தினார்கள். ஹேலோ 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் அப்போது உள்ளே இருந்த சிலர் கன்சோலை அணைக்கவில்லை. ஏற்கெனவே இணைந்திருந்தவர்களை உடனே துண்டிக்கவில்லை என்பதால், அணைக்காத வரை இருக்கலாம் என்ற நிலை. ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து குறைந்துகொண்டே வந்து, கடைசி ஆள் விழும்போது மே மாதம் ஆகிவிட்டது. சுட்டுக்கொள்வதற்காகக் கட்டிய இடத்தில் வெறுமனே இருப்பதற்காக வாரக்கணக்கில் கன்சோலை ஓடவிட்டிருக்கிறார்கள்.

தனியாக ஆடும் பழைய கேம்களின் நிலைமையும் பெரிதாக மெச்சிக்கொள்ளும்படி இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தி க்ரூ என்ற கார் ஓட்டும் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குள் போக முடியாமல் ஆனது. விற்ற கேம்களை இப்படி விளையாட முடியாமல் ஆக்கக் கூடாது என்று அதையொட்டி எழுந்த இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. தி க்ரூவை வெளியிட்ட யூபிசாஃப்டும் அந்த வரிசையின் அடுத்த கேம்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது.

சண்டைகளை வீடியோவாகவாவது பாதுகாத்து வைக்கலாம். சிறந்த ஆட்டக்காரரின் ஆட்டத்தை யாரும் உட்கார்ந்து ரசிக்கலாம். சேவ் அறையில் இன்னொருவர் நிற்பதைப் பார்த்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே நாமே போக வேண்டும், வெளியே பூட்ஸ் சத்தம் கேட்க வேண்டும், கையில் நாலு குண்டுதான் இருக்க வேண்டும். ஆகவே பழைய கேம்களைப் பாதுகாக்கப் போராடுகிறவர்கள் விளையாடக்கூடிய வடிவத்தில், எதிரிகளும் மூட்டமும் ரேடியோவும் மெதுவாகத் திறக்கும் கதவும் சேர்த்து அப்படியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது சரிதான். படமும் இசைத்தட்டும் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கிற நிறுவனங்களுக்கு அவர்கள் சொல்லவேண்டிய பதிலும் இதுவே.